எட்டாவது துளை

நெட்டா? முதல் கேள்வியே அதுதானா? பரவாயில்லை சார். இதுவரை இந்த வீட்டைப் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் தண்ணீரைத்தான் முதலில் கேட்டார்கள். தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் காவேரித் தண்ணீர், மற்றதற்கு போர்வெல். உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். வீட்டுக்காரர் மொட்டைமாடிச் சாவியோடு நாலரைக்கு வருகிறேன் என்றார். அவர் நாலரை என்றால் ஐந்து. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு, ஐந்தரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் குடி வரும்போது நெட்டைத்தான் முதலில் கேட்டேன். சமையலறையையே பிறகுதான் பார்த்தேன். என் பிழைப்பு அதில் இருக்கிறது. வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, இன்ன ஆள், இன்ன வயது, இன்ன கோளாறு என்று மைக்கில் பேசி வைப்பார்கள். அதைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடித்து அனுப்ப வேண்டும். ராத்திரி ஒன்பதிலிருந்து விடியற்காலை ஐந்து வரை. நான் பத்தாவதோடு சரி சார். ஈரோட்டிலேயே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பத்தொன்பது வருஷம் சொல்லிக்கொடுத்தேன். அதை மூடினார்கள். பழைய புத்தகக் கடையில் ஒரு மருத்துவ அகராதி வாங்கினேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மூன்று தடவை படித்தேன். ஆயிரத்துச் சொச்சம் வியாதி எனக்குத் தெரியும். ஒன்றுக்கும் மருந்து தெரியாது.

வீட்டில் நான் ஒருவன்தான். கல்யாணம் ஆயிற்று, ஏன் ஆகாமல். ஆடிக்குத் தாராபுரம் போனாள், அண்ணன் வீட்டுக்கு. பதினோரு ஆடி ஆகிவிட்டது. பகலில் தூங்குகிறவனோடு எந்தப் பெண் குடித்தனம் நடத்துவாள் என்று அவள் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. அதை விடுங்கள்.

நெட்டைச் சொல்கிறேன். பழைய வீட்டை இடிக்கப் போகிறோம், காலி செய் என்றார்கள். ஆபீசில் நாலு நாள் லீவு கேட்டேன். சூப்பர்வைசர் சின்னப் பெண், பெங்களூரில் இருக்கிறாள். "திங்கட்கிழமை ராத்திரி ஒம்பதுக்கு லாகின் ஆகலைன்னா உங்க சீட்டுக்கு வேற ஆள் போட்டுருவோம் சார்" என்றாள். நாற்காலி என் வீட்டில் கிடக்கிறது, அதற்கு வரிசை பெங்களூரில் நிற்கிறது. வியாழக்கிழமை சாமானை இறக்கினேன். நாலு நாள். இதற்குள் நெட் வர வேண்டும்.

இந்த வீதியில் மூன்று வழிதான் உண்டு. இப்போதும் மூன்றுதான், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, கேபிள்காரர். அவர் நெட் நன்றாகத்தான் எடுக்கும். ஆனால் அவர் வீட்டில் கரண்ட் போனால் நம் வீட்டில் நெட் போகும். ராத்திரியில் போனால் என்னங்க செய்வது என்று கேட்டேன். "ராத்திரியில யாருக்குங்க நெட்டு? தூங்கி எந்திரிச்சா வந்துருக்கும்" என்றார். அவரிடம் அதற்குமேல் என்ன பேசுவது.

இரண்டாவது, சிம் போடுகிற பெட்டி. கடைக்காரன் ஒருநாள் சோதித்துப் பாருங்கள் என்று கொடுத்துவிட்டான். கூடத்தில் சிக்னல் ஒரு கோடு எடுத்தது. அடுப்பு மேடையில் வைத்தால் இரண்டு. கக்கூஸ் வாசலில் மூன்று. கக்கூஸ் வாசலில் உட்கார்ந்து ஒருத்தருடைய இருதயத்தைப் பற்றி டைப் அடிக்க முடியுமா?

மூன்றாவதுதான் பெரிய கம்பெனியின் ஃபைபர். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. தனபால் என்று லைன்மேன் ஒருவர் வந்தார். வாசலுக்கு எதிரே கம்பம் இருக்கிறதே, அதில் கறுப்புப் பெட்டி தெரிகிறதா? ஏணி போட்டு ஏறித் திறந்து பார்த்துவிட்டு இறங்கினார்.

"எட்டுத் துளைங்க சார். எட்டுலயும் ஆள் இருக்குது."

"ஒன்பதாவது ஒண்ணு போட முடியாதா?"

"புதுப் பெட்டி வரோணும். எழுதிப் போட்டா ஒரு மாசம், ஒன்றரை மாசம்."

நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் செல்லில் எதையோ தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார்.

"வேடிக்கையப் பாருங்க. எட்டாவது துளை இந்த வீட்டுக்குத்தான் போகுது."

"எந்த வீட்டுக்கு?"

"நீங்க குடி வந்திருக்கற வீட்டுக்கு. நவநீதன்னு பேரு. மாசா மாசம் பில் கட்டீட்டுத்தான் இருக்கறாங்க."

உள்ளே வந்து தேடினோம். இந்தப் பரண்மேல்தான் கிடந்தது. வயரை அழகாக வளையமாகச் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்கள். கவருக்குள் ஒரு தாள். கோணல் எழுத்தில், 'வெட்ட வேண்டாம்'. அவ்வளவுதான் எழுதியிருந்தது. நடுவில் இரண்டு குடும்பம் இங்கே இருந்து போயிருக்கிறது. இரண்டு பேரும் கேபிள்காரரிடம் நெட் எடுத்திருக்கிறார்கள். யாரும் அந்தக் கவரைத் தொடவில்லை. தனபால் வயர் முனையை ஒரு சின்னக் கருவியில் செருகினார். பச்சையாக எரிந்தது.

"உசுரோட இருக்குதுங்க" என்றார். "ஆள் இல்லாத வீட்டுக்கு மூணு வருசமா ஓடிக்கிட்டிருக்குது."

எனக்குக் கை சில்லிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. எட்டாவது துளை கிடைத்துவிடும் என்றுதான் தோன்றியது. அவர்கள் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் அரை மணியில் உங்களுக்கு மாற்றிவிடுவேன் என்றார் தனபால். எழுதக்கூட வேண்டாம், அவர்கள் செல்லுக்கு ஆறு இலக்க நம்பர் ஒன்று வரும், அதைச் சொன்னால் போதும். நீங்களே பேசுங்கள் என்று நம்பரைக் காட்டினார். என் செல்லிலிருந்து போட்டேன். அதுதான் நான் செய்த பிசகு. அவர் செல்லிலிருந்து போட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"நவநீதன் நம்பருங்க. நான் அவங்கம்மா பேசறேன்."

"அம்மா, மூணாவது வீதி நெட் லைன் விஷயமாப் பேசறேன்."

"நெட்டு ஆபீசுங்களா தம்பி?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை சார். இதைக் கவனிக்க வேண்டும். இல்லை என்றும் சொல்லவில்லை. பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. "பேர் விஷயமா ஒரு நம்பர் வரும்மா, படிச்சுச் சொல்லுங்க போதும்" என்றேன். பேர் விஷயம்தானே அது. அவர் பேரிலிருந்து என் பேருக்கு.

"இருங் தம்பி, கண்ணாடி போட்டுக்கறேன்" என்றார். தனபால் தன் செல்லைத் தட்டினார். அந்தப் பக்கம் டிங் என்று ஒலித்தது எனக்குக் கேட்டது. அந்தம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். நாலு. ஏழு. ஏழு. சைபர். அங்கே நிறுத்திவிட்டார்.

"தம்பி, இதுனால லைன் கட்டாயிராதுங்களே?"

தனபால் மூன்று விரலைக் காட்டினார். மூன்று நிமிஷம்தான் அந்த நம்பருக்கு ஆயுசு.

"ஏன்ம்மா கேக்கறீங்க?"

"பையன் சொல்லீட்டுப் போனானுங். நெட்டைக் கட் பண்ணிராதம்மா, வந்ததும் லாகின் பண்ணோணும்னு."

"எங்க போயிருக்காருங்கம்மா?"

"ஆஸ்பத்திரிக்குங்."

காலையில் போனவனைச் சொல்வது போலத்தான் சொன்னார். அப்புறம் அவரே சொன்னார். கொரோனா, இரண்டாவது அலை. இந்த வாசலில்தான் வண்டி வந்து நின்றிருக்கிறது. முப்பது வயதுகூட முடியவில்லை. நடந்து போய்த்தான் ஏறினான் என்றார். ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சொன்னது அந்த நெட் விஷயம்தான். ஒன்பதாவது நாள் போன் வந்ததாம். "அப்புறம் காட்டலீங் தம்பி. கட்டி எடுத்துக்கிட்டு அப்படியே போயிட்டாங்க. மொகத்தக் காட்டலீங்" என்றார். பிறகு அவரும் வீட்டைக் காலி செய்து சித்தோட்டில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டை விட்டாராம், லைனை விடவில்லை.

எனக்கு இன்னும் இரண்டு இலக்கம் வேண்டும் சார். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சொல்ல வேண்டாம். எல்லாரும் இந்த இடத்தில் பெரிய மனிதராகிவிடுவார்கள். நாற்காலிக்குப் பெங்களூரில் வரிசை நிற்கும்போது தெரியும்.

"லைன் கட்டாகாதும்மா. ஓடிக்கிட்டேதான் இருக்கும்" என்றேன்.

இதில் எந்த வார்த்தை பொய்? இன்றைக்கும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. அதோ பாருங்கள், பச்சை.

"மூணு" என்றார். கொஞ்சம் இடைவெளி விட்டு, "ஒம்பது."

திங்கட்கிழமை ராத்திரி ஒன்பதுக்கு லாகின் செய்தேன். அன்றிலிருந்து ஒரு வினாடி நின்றது கிடையாது. ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், ஃபைபர்தான் நல்லது.

உங்களுக்கு என்ன வயது சார்? முப்பத்திரண்டா. சரி. சும்மா கேட்டேன்.

ஒன்றாம் தேதி போன் வந்தது. "நெட்டு தம்பிங்களா? இந்த மாசம் மெசேஜ் வரலீங்களே." என் நம்பரை அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறாராம். நெட் தம்பி. ஆபரில் போட்டிருக்கிறது, ஒரு வருஷத்துக்கு நீங்கள் ஒன்றும் கட்ட வேண்டாம் என்றேன். யார் கட்டுகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "அவன் எப்பவும் ஆபர் பாத்துத்தான் எடுப்பான்" என்று சந்தோஷப்பட்டார். பிறகு தயங்கித் தயங்கி, "பணம் கெடக்குது தம்பி, அந்த மெசேஜ் மட்டும் வருங்களா? அன்புள்ள நவநீதன்னு ஆரம்பிக்கும். மாசத்துக்கு ஒருக்கா அவன் பேரு செல்லுல வரும்" என்றார்.

அன்றைக்கு நானே அடித்து அனுப்பினேன். 'அன்புள்ள நவநீதன், உங்கள் வீட்டு இணைப்பு செயல்பாட்டில் உள்ளது.' இரண்டு விரலில் அடித்தது. பத்தொன்பது வருஷம் பத்து விரலில் அடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். என் நம்பரிலிருந்து போவதை அந்தம்மா எங்கே கவனிக்கப் போகிறார். வயதானவர். அதற்குப்பிறகு ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் அனுப்புகிறேன்.

மூன்றாவது மாதம் ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, உங்க கம்ப்யூட்டர்ல அவன் கடேசியா எப்ப லாகின் பண்ணுனான்னு இருக்குமுங்களா?"

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்குக் காலையில் அவன் கம்ப்யூட்டரைத் திறந்தானா, அல்லது முந்தின ராத்திரியா என்று அவருக்கும் அவர் தங்கச்சிக்கும் விவாதமாம். அந்த நேரம் தெரிந்தால் போதும் என்றார். எனக்குத் தெரியும் சார், ஏன் கேட்கிறார் என்று. நான் ராத்திரி முழுக்க அடிக்கிற தாள்களில் செத்துப்போனவர்களின் தாளும் வரும். அதில் மணி, நிமிஷம் எல்லாம் சுத்தமாக இருக்கும். எங்கோ கடல் தாண்டிச் செத்தவனின் நிமிஷம் எனக்குத் தெரியும். சித்தோட்டில் இருக்கிற அம்மாவுக்கு ஒரு நிமிஷமும் தெரியாது. எதையாவது ஒரு நேரத்தைச் சொல்லியிருக்கலாம். பொய் ஆகிவிடும். எனக்குத் தெரிந்த உண்மை ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னேன்.

"நேத்து ராத்திரி ஒம்பது மணிக்கு லாகின் ஆகியிருக்கும்மா."

வைத்துவிட்டாரோ என்று செல்லைப் பார்த்தேன். நொடி ஓடிக்கொண்டிருந்தது.

"நேத்தா?"

"ஆமாங்கம்மா."

"எத்தன மணி வரைக்கும்?"

"காலைல அஞ்சு."

"ராத்திரி பூராவும் தூங்கலையா?" என்று கேட்டார். அந்தக் குரலை உங்களுக்கு எப்படிச் சொல்வது. என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. ஆனால் அது என்னைக் கேட்டதில்லையே.

அன்றிலிருந்து தினமும் ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும்போது போன். "இன்னைக்கு லாகின் உண்டுங்களா தம்பி?" உண்டுங்கம்மா. "சாப்பாடு ஆச்சாமா?" நெட் ஆபீசுக்கு அது எப்படிம்மா தெரியும் என்பேன். "கேட்டுச் சொல்லுங் தம்பி" என்பார். விடமாட்டார். சரி என்று அன்றைக்கு நான் தின்றதைச் சொல்வேன். உப்புமா. அடுத்த நாளும் உப்புமா. மூன்றாவது நாள், "என்ற பையனுக்கு உப்புமாவே ஆகாது தம்பி. உப்புமான்னா தட்டத்தத் தள்ளிப்போட்டு எந்திரிச்சுப் போயிருவான்" என்றார். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த மூச்சிலேயே, "தெனமும் ரவையே தின்னா ஒடம்பு என்னத்துக்காகும், ஒரு வாய் சோறு வெக்கச் சொல்லுங்க" என்கிறார். மறந்துவிடுகிறார் பாவம். ஞாபகம் கொஞ்சம் அப்படி இப்படித்தான்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

என் சங்கடத்தையும் கேளுங்கள். 'உண்டு' என்று சொல்லிவிட்டால் இருந்தாக வேண்டும். அதனால் வார லீவு நாளிலும் ஒன்பதுக்குக் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்துவிடுவேன். வேலை இருக்காது. சும்மா உட்கார்ந்திருப்பேன். மேசையை அந்த மூலையில்தான் போட முடியும், வயர் அவ்வளவு தூரம்தான் எட்டும். வாருங்கள், காட்டுகிறேன். தரையில் நாலைந்து தேய்மானம் தெரிகிறதா? நாற்காலிச் சக்கரம். நான் வருவதற்கு முன்பே இருந்தது. என் நாற்காலியை எப்படிப் போட்டாலும் விடியும்போது அந்தத் தேய்மானத்தில்தான் போய் நிற்கிறது. தரை அந்தப் பக்கம் சாய்வு என்று நினைக்கிறேன். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும்.

பன்னிரண்டு வருஷத்தில் நான் ஒரு பிழை விட்டதில்லை. போன மாதம் ஒன்று நடந்தது. ஒரு டாக்டர் பேசுகிறார். முப்பது வயது ஆண், நுரையீரல், இன்ன தேதி சேர்த்தோம், இன்ன மணிக்கு முடிந்தது. அடித்து அனுப்பிவிட்டேன். மறுநாள் சூப்பர்வைசர் பெண் போனில் வந்தாள். "சார், நோயாளி பேர் கட்டத்துல என்ன அடிச்சிருக்கீங்க? நவநீதன்னா யாரு?" என்கிறாள். எனக்குத் தெரியாது சார். விரல் அடித்திருக்கிறது. அந்த ஊர்க்காரன் எவனோ ஒருத்தன் நவநீதன் என்ற பேரில் செத்துப்போய் அரை நாள் இருந்திருக்கிறான். திருத்தி அனுப்பினேன். திருத்தும்போது மணியையும் நிமிஷத்தையும் இன்னொரு தடவை பார்த்தேன். சித்தோட்டுக்குச் சொல்லலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. எவனுடைய நிமிஷமோ. சொல்லவில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை.

அதற்காக நான் வீட்டைக் காலி செய்வதாக நினைத்துவிடாதீர்கள். காலி செய்வதற்குக் காரணம் தண்ணீர். உப்பு. வாயில் வைக்க முடியாது.

போன வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் படுத்தேன், ஆபீசுக்குச் சொல்லிவிட்டேன். ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும்போது போன் வந்தது. "இன்னைக்கு லாகின் இல்லைங்கம்மா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். இரண்டாவது நாளும் இல்லை என்றேன். "கொரலு அடச்சிருக்குதே தம்பி, காய்ச்சலுங்களா உங்களுக்கு?" என்றார். ஆமாங்கம்மா, இங்கே ஆபீசில் ஏசி என்று ஏதோ உளறினேன். "மூச்சு வாங்குதா? எத்தன நாளாச்சு? மாடிப்படி ஏற முடியுதா?" வரிசையாகக் கேட்டார். டாக்டர்கள் கேட்பதைவிடச் சரியாகக் கேட்டார். ஒன்பது நாள் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்ட கேள்விகள். மூச்சு வாங்கலைங்கம்மா என்று சொன்ன பிறகுதான் வைத்தார்.

மறுநாள் மத்தியானம் வாசலில் ஒரு ஆட்டோ. டிரைவர் ஒரு கேரியரைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று அடுக்கு. மேலே மிளகு ரசம், நடுவில் பருப்புத் துவையல், கீழே குழைந்த சோறு. இன்னும் சூடாக இருந்தது. நவநீதனுக்குத்தான் அனுப்பியிருக்கிறார், வேறு யாருக்கு? இந்த விலாசத்துக்குத்தானே வந்தது. நெட் ஆபீஸ் விலாசம் அவருக்குத் தெரியாது. லாகின் இல்லை என்றதும் பையனுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டார் போல. எனக்குத் தின்ன மனமில்லை. அடுத்தவன் சோறு. ஆனால் வீணாக்குவது பாவம். தின்றேன். உட்கார்ந்து நிதானமாகத் தின்றேன். பதினோரு வருஷமாயிற்று அடுத்தவர் கையால் ரசம் ஊற்றித் தின்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகு கொஞ்சம் தூக்கல்.

அன்று சாயந்தரம் போனில், "கேரியர் வந்துச்சுங்களா?" என்று கேட்டார். டெலிவரி ஆகியிருக்கும்மா என்றேன். "ஞாயித்துக்கெழம நானே வந்து கேரியரை வாங்கிக்கறேன். ஒருக்கா வந்து பாத்துப்போட்டு வாறேன்" என்றார்.

பாத்துப்போட்டு வாறேன். யாரைப் பார்ப்பார்? சொல்லுங்கள். இந்தக் கதவைத் திறந்து உள்ளே வந்து, கூடம், அடுப்படி, அந்த மூலை என்று ஒவ்வொரு இடமாகப் பார்ப்பார். நாற்காலியில் யாரும் இருக்கமாட்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் முகத்தைக் காட்டவில்லை. நானும் காட்ட முடியாது. இரண்டாவது தடவை அந்தம்மாவுக்கு மகன் போவான். அதற்கு நான் முன்னால் நிற்க வேண்டும். அதைத்தான் என்னால் முடியாது என்கிறேன். அந்த ராத்திரியே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, காலி செய்கிறேன், போர்டு மாட்டுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு யாராவது குடி வந்துவிட்டால், அவர்கள் 'எங்களுக்கு ஒன்றும் தெரியாதும்மா' என்று சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு அது உண்மையாகவும் இருக்கும்.

வந்த மூன்று பேருக்கும் இதையெல்லாம் சொன்னேன். யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். நெட் எப்படி என்று கேட்டால் உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும்.

ஆமாம் சார், இன்றைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை.

லைன் என் பேரில் இருக்கிறது, அப்படியே விட்டுவிட்டுப் போகிறேன். மாதா மாதம் நானே கட்டிவிடுகிறேன், உங்களுக்குச் செலவில்லை. இந்த செல்லையும் சிம்மோடு விட்டுவிட்டுப் போகிறேன். ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும்போது அடிக்கும். எடுத்து, உண்டுங்கம்மா என்று ஒரு வார்த்தை. சாப்பாடு கேட்டால் நீங்கள் தின்றதைச் சொல்லுங்கள். கல்யாணம் ஆனவர், நல்லதாகத்தான் தின்பீர்கள், அந்தம்மாவுக்கும் நிம்மதி. உட்காருங்கள் சார், ஏன் எழுந்துவிட்டீர்கள்? மாடியைப் பார்க்க வேண்டாமா?

அது ஆட்டோ சத்தம்தானே?

இங்கே நிற்கும் சார். கடைசி வீடு இதுதான், இதற்குமேல் வீதி கிடையாது. ஜன்னலை முழுக்கத் திறக்காதீர்கள், லேசாக. வீட்டுக்காரரா? இல்லையா. வயதான அம்மாவா? கண்ணாடி போட்டிருக்கிறாரா?

கேரியரைக் கழுவி வைத்திருக்கிறேன். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பார்கள், மேல் அடுக்கில் சர்க்கரை போட்டிருக்கிறேன். இதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறீர்களா? உங்களுக்கு முப்பத்திரண்டு என்றீர்கள். அவனுக்கும் இப்போது அவ்வளவுதான் இருக்கும். நான் ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை. நீங்கள் போய் நின்றால் போதும். ஆமாம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம்.

போகமாட்டீர்களா. சரி. சரி சார்.

கேட்டைத் திறந்துவிட்டார். அந்தக் கொக்கியைத் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும். எனக்குப் பழக ஒரு வாரம் ஆயிற்று. அவர் ஒரே தள்ளில் திறந்துவிட்டார் பாருங்கள். இந்த வீட்டில் இருந்தவர்தானே. கையில் இன்னொரு கேரியர் இருக்கிறதா?

கூப்பிடுகிறார். என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்? எனக்குக் காது எப்போதும் இரைச்சல், ராத்திரி முழுக்க மாட்டியே கெட்டுப்போயிற்று. நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள். நவநீதா என்றா?

இல்லையா.

நெட்டு தம்பி என்றா? காய்ச்சல் விட்டுருச்சா என்றா கேட்கிறார்?

நவநீதன் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று ஆறு நாளாக யோசித்து வைத்திருந்தேன் சார். என்னைக் கேட்டால் என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை.